மிட்டாயாக வரும் போதை



கனடா 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. எனக்கு அதில் மகிழ்ச்சியில்லை. ஆயினும் கடைக்கு வந்துவிட்ட பொருளைக் குறித்து வேறொரு கேள்வி எழுகிறது: அது யாருக்கு இடறலாகிறது?

புகையைவிட எனக்கு அச்சமூட்டுவது தின்பண்டம். 2019-இல் உண்ணும் கஞ்சாவுக்கும் அனுமதி கிடைத்தது. ஒரு பொட்டலத்தில் போதை தரும் டி.எச்.சி. 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது. குழந்தை எளிதில் திறக்கமுடியாத உறை வேண்டும். எச்சரிக்கைச் சின்னமும் வேண்டும். நல்ல விதிகளே. ஆனால் தகப்பன் பிரித்து மேசைமேல் வைத்த பொட்டலத்தை எந்த விதி காக்கும்? எழுத்தறியாத மூன்று வயதுப் பிள்ளைக்கு அது மிட்டாய்தான். உண்டபின் போதை தெரிய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். அதற்குள் பிள்ளை எல்லாவற்றையும் தின்றிருக்கும். மயக்கத்தை வீட்டார் தூக்கமென்று எண்ணுவர்.

கியூபெக் மாகாணம் இதை முன்னுணர்ந்தது. அங்கே அரசுக் கடைகள் மட்டுமே கஞ்சா விற்கின்றன. 2020 முதல் 21 வயது நிரம்பியோருக்கே விற்பனை. மிட்டாய், சாக்லேட் வடிவில் விற்கத் தடை. இதனால் கள்ளச்சந்தை பிழைக்கும் என்பாருண்டு; அதில் ஓரளவு உண்மையும் உண்டு. என்றாலும், பெரியவர்களுக்கு அனுமதி அளித்த அரசு அதை மிட்டாயாகவும் அளிப்பானேன்? மற்ற மாகாணங்களும் இந்த ஒரு தடையையேனும் ஏற்கவேண்டும்.

வீட்டில் வைத்திருப்போர் பூட்டி வையுங்கள். பிள்ளை தின்றுவிட்டால், வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். எதைத் தின்றது என்று தெரியாமல் அவர் தேடும் நேரம் பிள்ளையினுடையது.