மின்னஞ்சலை விரட்டினால் போதுமா?

2011-ல் பிரான்ஸின் அடோஸ் நிறுவனம் ஓர் அதிரடி அறிவிப்பு வெளியிட்டது. மூன்றே ஆண்டுகளில் ஊழியர்களுக்குள் மின்னஞ்சல் அனுப்புவதை அடியோடு நிறுத்தப் போகிறார்களாம். சொன்னவர் அதன் தலைவர் தியரி ப்ரெத்தோன், முன்னாள் நிதியமைச்சர். மின்னஞ்சலுக்குப் பதில்? நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் சமூக வலைத்தளம். 2012-ல் அதற்காக புளூகிவி என்ற மென்பொருள் கம்பெனியையே விலைக்கு வாங்கினார்கள்.

கெடு முடிந்தபோது மின்னஞ்சல் வெகுவாகக் குறைந்திருந்தது, ஆனால் ஒழியவில்லை. கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த மனிதர் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். அலுவலக மின்னஞ்சலில் ஒரு பெரும்பகுதி வேலைக்காக எழுதப்படுவதில்லை, தற்காப்புக்காக எழுதப்படுகிறது. நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் "அன்றைக்கே உங்களுக்குத் தெரியப்படுத்தினேனே சார்" என்று காட்ட வேண்டுமே! அதற்காக மேலதிகாரி, அவருக்கும் மேலதிகாரி, பக்கத்து டிபார்ட்மெண்ட் என்று ஆறு பேருக்கு சிசி. ஆறு பேரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு கோளாறும் உண்டு. மின்னஞ்சலில் விடை என்பது இரண்டு பேரின் தனிச்சொத்து. மாதக் கடைசியில் சர்வர் ஏன் படுத்துவிடுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்து இன்னொருவருக்கு எழுதுகிறார். இருவரும் வேலை மாறிப் போனால் விடையும் போயிற்று. அடுத்து வருபவர் மறுபடி ராத்திரி முழுக்கக் கண்விழிக்க வேண்டியதுதான். அதே கேள்வியைப் பொதுக் குழுவில் கேட்டிருந்தால் வேறு ஊர்க் கிளையில் இருக்கும், முகமே தெரியாத ஒருவர் பதில் சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் கழித்துச் சேருகிறவர் தேடினாலும் கிடைக்கும்.

அப்புறம் ஏன் பல இடங்களில் இது வெறும் பிறந்தநாள் வாழ்த்துப் பலகையாகிப் போகிறது? 2008-ல் யாமர் வந்தபோது அலுவலக மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், யாரையும் கேட்காமல் ஊழியர்களே தொடங்கிவிடலாம். நிர்வாகத்துக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்றால்தான் காசு! 2012-ல் மைக்ரோசாஃப்ட் 120 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. அது கீழேயிருந்து முளைத்த பேச்சு. மேலேயிருந்து இறக்கினால் கதை வேறு. எம்.டி. ஒரு பதிவு போடுகிறார், அரை மணியில் நூறு லைக். "இந்தத் திட்டம் சரிப்படாது சார்" என்று அதன் கீழே எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? புதிதாகச் சேர்ந்தவருக்குச் சந்தேகம் கேட்கவே பயம். "இதுகூடத் தெரியாதா" என்று மொத்த கம்பெனியும் பார்க்குமே. பக்கத்து சீட்டில் கிசுகிசுப்பதே பாதுகாப்பு. நிஜமான வேலைப் பேச்சு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும்.

ஆகவே முதல் அசட்டுக் கேள்வியை மேலாளரே அங்கே கேட்டுவிட வேண்டும். எதிர்த்து எழுதியவருக்கு அடுத்த அப்ரைசலில் அடி விழக்கூடாது. சாஃப்ட்வேர் விற்கிறவர்களால் இந்த இரண்டையும் விற்க முடியாது.

ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை நிறுத்தவும் வேண்டும். மின்னஞ்சல் அப்படியே, மெசஞ்சர் அப்படியே, கூடவே இதுவும் என்றால் திறந்து பார்க்க வேண்டிய பெட்டி ஒன்று கூடியதுதான் மிச்சம். ப்ரெத்தோனைப் பாராட்ட வேண்டியது இங்கேதான். சம்பளம், ஒருவர் மீதான புகார் போன்றவை மட்டும் பழையபடி தனிக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

இடம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக் 2016-ல் அலுவலகங்களுக்கென்று வொர்க்பிளேஸ் தொடங்கியது. 2024-ல் அதை மூடப்போவதாக அறிவித்தது. 2025 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு அதில் புதிதாக எழுத முடியாது என்றாகிவிட்டது. வருடக்கணக்கில் சேர்ந்த கேள்வி பதில்களை நிறுவனங்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. சந்தா கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது: கடையை மூடினால் அத்தனையையும் தேடக்கூடிய வடிவத்தில் திருப்பித் தருவீர்களா?