நல்ல சத்துமாவுக்கு எதுக்குங்க பொய் விளம்பரம்?



கொஞ்சம் நீளமான திரெட். வீட்டிலிருந்தே சத்துமாவு, மரச்செக்கு எண்ணெய், சூப் பொடி, தேன் என்று செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் விற்கும் சகோதரிகள், சகோதரர்களுக்காக எழுதுகிறேன். உங்களிடம் வாங்குபவர்களும் படிக்கலாம்.

"வியாபாரத்தைப் பத்தி டாக்டருக்கு என்ன பேச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் பல வருஷமா பிரஷருக்கு மாத்திரை வாங்கும் ஒரு அக்கா இருக்கிறார். கணவர் இறந்த பிறகு சத்துமாவு அரைத்து விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஒரு நாள் கிளினிக்குக்கு பிளாஸ்கில் கஞ்சி கொண்டு வந்தார். "குடிச்சுப் பாருங்க டாக்டர் தம்பி" என்றார். குடித்தேன். உண்மையிலேயே அருமை. "சூப்பரா இருக்குக்கா, சத்தானதுதான்" என்று சொன்னேன். கூட வந்த பையன் அதை போனில் எடுத்துக்கொண்டிருந்தான். நான் கண்டுக்கவில்லை.

அந்த பதினஞ்சு செகண்ட் வீடியோவுக்கு மேலே ஒரு வரி சேர்ந்தது: "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் சத்துமாவு. டாக்டரே பரிந்துரைக்கிறார்!"

இரண்டு மாசம் கழித்து ஒரு ஆட்டோ ஓட்டும் அண்ணன் வந்தார். கால் சுண்டுவிரலில் புண். வெறும் வயிற்றில் சர்க்கரை 310. "மாத்திரை போடலையாண்ணே?" என்றேன். "நீங்கதான சார் வீடியோல சொன்னீங்க? காலையில ராத்திரி ரெண்டு வேளையும் அந்தக் கஞ்சிதான் குடிக்கிறேன்" என்றார். சண்டை போடும் குரலில் இல்லை, என் மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னார். அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

அக்கா கெட்டவர் இல்லை. அவருடைய மாவும் கெட்டதில்லை. அந்த ஒரு வரிதான் பிரச்சனை. அதை எழுதியது விளம்பரம் செய்து தரும் ஒரு தம்பி. "இப்படிப் போட்டாத்தான்க்கா ஓடும்" என்று சொல்லியிருக்கிறான்.

இந்த "ஓடும்" என்ற வார்த்தையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் மருத்துவக் கணக்கு.

ஒரு டம்ளர் கஞ்சிக்கு சுமார் 40 கிராம் மாவு போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து. இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை சேர்த்தால் 35-ஐ நெருங்கும். கிட்டத்தட்ட மூணு இட்லி. அதையும் நைசாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, மடமடவென்று குடிக்கிறோம். மென்று தின்பதை விட வேகமாக ரத்தத்தில் சர்க்கரை ஏறும். கேழ்வரகோ கம்போ தினையோ, தானியம் தானியம்தான். நாட்டுச் சர்க்கரையும் பனைவெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

அதனால் சத்துமாவு விஷமா? இல்லவே இல்லை. வளரும் பிள்ளைக்கு, வயலில் உழைப்பவருக்கு, காலை டிபன் செய்ய நேரமில்லாத வீட்டுக்கு அருமையான உணவு. சர்க்கரை உள்ளவரும் அளவாக, இனிப்பில்லாமல், ஒரு வேளை உணவுக்குப் பதிலாகக் குடிக்கலாம். மாத்திரைக்குப் பதிலாக என்பதுதான் கூடாது.

அடுத்து சட்டம். பயமுறுத்த இல்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில் 54 நோய்களின் பட்டியல் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய், உடல் பருமன் எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்தால் முதல் முறையே 6 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். "எங்க அக்கா வீட்டுல தான் அரைக்கிறாங்க" என்பது அங்கே பதில் ஆகாது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. "6 மாதக் குழந்தை முதல் கொடுக்கலாம்" என்று சத்துமாவு விளம்பரத்தில் போடுகிறோம் இல்லையா? இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு கொடுக்கும் இணை உணவு என்று சொல்லி எதையும் விளம்பரம் செய்யக் கூடாது. 1992 சட்டமும் 2003-ல் வந்த திருத்தமும் அதைத் தடுக்கின்றன. கொழுகொழு குழந்தைப் படம் போட்ட போஸ்டர்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

டாக்டர்களுக்கும் இருக்கிறது. 2002 மருத்துவ நடத்தை விதிகளின்படி, எந்த வணிகப் பொருளின் விளம்பரத்துக்கும் எங்கள் பெயரையோ படத்தையோ பரிந்துரையையோ தரக் கூடாது. ஆகவே வெள்ளைக் கோட்டும் ஸ்டெத்தும் போட்ட ஒருவர் பாக்கெட்டோடு சிரித்தால், அவர் விதியை மீறுகிறார், அல்லது அவருக்கே தெரியாமல் நடக்கிறது, அல்லது அவர் டாக்டரே இல்லை. நான் இரண்டாவது ரகம். கவனமாக இருந்திருக்க வேண்டும்.

"பெரிய கம்பெனிகள் எல்லாம் செய்யலையா சார்? எளியவன்தான் கிடைச்சானா?" என்று கேட்பீர்கள். கோபம் நியாயமானது. செய்தார்கள்தான். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் என்ற மூன்றெழுத்தை, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளுக்குப் பொருந்தாத இனிப்புப் பானங்களின் பெயரில் போட்டு விற்றார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை நல மருத்துவர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது. 2024 ஏப்ரலில் அதே ஆணையம், மால்ட் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் போடாதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது.

பெரியவர்களுக்கு வக்கீல் படை உண்டு. பெயரை மாற்றி நாளைக்கே வேறு பாக்கெட்டில் வருவார்கள். உங்களுக்கு இருப்பது உங்கள் பெயர் ஒன்றுதான். அது போனால் போனதுதான்.

சட்டம், மருத்துவம் இரண்டையும் ஓரமாக வையுங்கள். வியாபாரமாக மட்டும் பார்த்தாலும் "நோய் தீரும்" என்பது மட்டமான விளம்பரம். ஏன் தெரியுமா?

ஒன்று: அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நீங்கள் 28 தானியம் என்றால் பக்கத்துத் தெருக்காரர் 48 என்பார். நீங்கள் சர்க்கரை என்றால் அவர் சர்க்கரையோடு கிட்னியும் சேர்த்துக்கொள்வார். பொய்யில் ஏலம் போட்டு யாரும் ஜெயித்ததில்லை.

இரண்டு: நோய் தீர வாங்கியவர், தீரவில்லை என்றதும் போய்விடுவார். போகும்போது திட்டிவிட்டும் போவார். ருசிக்காக வாங்கியவர்தான் மாசா மாசம் வருவார், மச்சினிச்சிக்கும் சேர்த்து வாங்குவார். வீட்டுத் தொழில் நிற்பது இந்த இரண்டாவது ஆளால்தான்.

சரி, வேறு எப்படி விளம்பரம் செய்வது? நான் மார்க்கெட்டிங் படித்தவன் இல்லை. ஆனால் தினமும் நோயாளிகள் எதை நம்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

✅ உங்களால் மட்டும் சொல்ல முடிந்ததைச் சொல்லுங்கள். கேழ்வரகு எந்த ஊரிலிருந்து வருகிறது, முளைகட்ட எத்தனை மணி நேரம், வறுப்பது யார், மாதத்தில் எந்தத் தேதியில் அரைக்கிறீர்கள். "செவ்வாய்க்கிழமை அரைத்தோம், வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம்" என்ற ஒரு வரியைப் பக்கத்துத் தெருக்காரர் காப்பி அடிக்க முடியாது.

✅ பாக்கெட்டில் எல்லாவற்றையும் போடுங்கள். என்னென்ன பொருள், அரைத்த தேதி, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண். வேர்க்கடலை, பாதாம், முந்திரி, சோயா இருந்தால் கொட்டை எழுத்தில். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வரி உயிர்.

✅ யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். "சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவாகச் சாப்பிடவும். மாத்திரையை நிறுத்தக் கூடாது." தேன் விற்றால், "ஒரு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது." இதனால் ஆர்டர் குறையும் என்று பயப்படாதீர்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கடைக்காரரைத்தான் நாம் நம்புவோம்.

✅ கூகுள் மேப்பில் கடையைச் சேருங்கள், வாட்ஸ்அப் பிசினஸில் விலையோடு பட்டியல் போடுங்கள். இரண்டும் இலவசம். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று எழுதினால் பாதிப் பேர் வர மாட்டார்கள். நானே போக மாட்டேன்.

✅ குறை சொல்பவருக்குப் பொதுவிலேயே பதில் சொல்லுங்கள். "வண்டு இருந்துச்சு" என்று ஒருவர் எழுதினால் அழிக்காதீர்கள். மன்னிப்புக் கேட்டு, வேறு பாக்கெட் அனுப்பி, என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். நூறு ஐந்து ஸ்டாரை விட அந்தப் பதிலைத்தான் ஜனங்கள் படிப்பார்கள்.

❌ ஃபாலோயர்ஸை விலைக்கு வாங்காதீர்கள். பத்தாயிரம் பேர் இருந்தும் கஞ்சி குடிக்க ஒருத்தர்கூட இல்லையென்றால் என்ன பயன்?

❌ காசோ பொருளோ கொடுத்து யாரையாவது வீடியோ போடச் சொன்னால், அது விளம்பரம் என்று அதிலேயே தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். மறைப்பது பார்ப்பவரை ஏமாற்றுவது.

❌ "எங்க கஸ்டமர் ஒருத்தர் மாத்திரையையே விட்டுட்டார்" என்ற வாய்ஸ் மெசேஜை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். அது உங்களுக்குப் பாராட்டு. கேட்கும் இன்னொருத்தருக்கு அது மருந்துச் சீட்டு.

அக்கா கதைக்கு வருகிறேன்.

ஆட்டோ அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் கிளினிக்கிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அன்றைக்கே வீடியோவை எடுத்தோம். அவர் பக்கத்திலும் என் பக்கத்திலும் விளக்கம் போட்டோம். லேபிளை மாற்றினார். ஆர்டர் உடனே எகிறியது என்று சொன்னால் அதுவும் ஒரு விளம்பரப் பொய்தான். குறைந்தது. பழைய நிலைக்கு வர ஐந்து மாசம் ஆனது. அதில் ஒரு மாசம் பையனின் காலேஜ் ஃபீஸுக்கு நகை அடகு போனது எனக்குத் தெரியும். உண்மைக்கு விலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

இன்றைக்கு அவர் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான்: "இது உணவு. மருந்து அல்ல." போன வாரம் சொன்னார்: "தம்பி, இப்பல்லாம் போன்ல யாரும் சுகர் குறையுமான்னு கேக்குறதில்ல. அடுத்த தடவை எப்ப அரைப்பீங்கன்னுதான் கேக்குறாங்க."

ஆட்டோ அண்ணன் இப்போது மாத்திரை போடுகிறார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. விரல்தான் இல்லை. ஒவ்வொரு தடவை காலைப் பார்க்கும்போதும் அந்த பதினஞ்சு செகண்ட் எனக்கு ஞாபகம் வருகிறது.

உங்கள் பொருள் நல்ல பொருள் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள் மக்களே. அதுவே போதும். வீட்டுத் தொழில் செய்யும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவருக்கு இதை அனுப்புங்கள்.

மாத்திரையை நிறுத்தும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீடியோவில் இருக்கும் மருத்துவரிடம் இல்லை. உங்கள் நாடி பிடித்துப் பார்ப்பவரிடம்.