ஆறு நொடிக் காதல்

ஹாரி பாட்டர் கதையுலகின் தொடர்ச்சியாக 2022ஆம் ஆண்டு வெளிவந்த ‘டம்பிள்டோரின் ரகசியங்கள்’ திரைப்படம் சீனத் திரையரங்குகளுக்குச் சென்றபோது, அதிலிருந்து ஆறு நொடிகள் வெட்டப்பட்டன. டம்பிள்டோர், கிரிண்டல்வால்ட் என்ற இரு மந்திரவாதிகளும் இளமையில் காதலித்தவர்கள் என்பதைச் சொல்லும் உரையாடல் அது. வெட்டுமாறு கோரியது தவறு. ஆனால், வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தயக்கமின்றி இணங்கியதோடு, படத்தின் சாரம் சிதையவில்லை என்றும் அறிவித்தது. இந்த விளக்கம்தான் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு மனிதனின் காதலை நீக்கிய பின்னும் கதை குறைவின்றி நிற்கிறதென்றால், அந்தக் காதல் கதைக்குள் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தது?

இதன் வேர் பழையது. 1997 முதல் 2007 வரை வெளிவந்த ஏழு நாவல்களிலும் டம்பிள்டோர் தன்பாலீர்ப்பாளர் என்று ஒரு வரியும் இல்லை. கடைசி நாவல் வெளிவந்த சில மாதங்களுக்குப் பின், 2007 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் வாசகர் கேள்விக்கு விடையளித்தபோதுதான் ஜே.கே. ரௌலிங் அதை அறிவித்தார். அரங்கம் கைதட்டியது. ஆனால், தன் இயல்பை யாரிடமும் சொல்ல இயலாமல் அந்த நாவல்களைப் படித்து வளர்ந்த சிறுவனுக்கு, தேவைப்பட்ட காலத்தில் அந்தத் துணை கிடைக்கவில்லை. ஏட்டில் எழுதப்படாத அங்கீகாரத்தைச் சந்தை வேண்டும்போது விளம்பரப்படுத்தும். வேண்டாதபோது வெட்டி எறியும்.

வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனி, 1979இல் தொடங்கிய ‘நெவெரியோன்’ வரிசை மிகுபுனைவுக் கதைகளில் கார்கிக் என்ற நாயகனைப் படைத்தார். சுரங்கத்தில் அடிமையாக உழன்ற கார்கிக், பின்னாளில் அடிமைகளின் விடுதலைக்காகப் போராடுகிறான். அந்தப் போரில் அவனோடு நிற்பவன் அவனுடைய காதலனான இளைஞன். அடிமையின் கழுத்தில் பூட்டப்படும் இரும்பு வளையம் அவர்களது காதலுக்குள்ளும் கேள்வியாக வந்து நிற்கிறது. இக்கதையிலிருந்து காதலை நீக்கினால் போராட்டமும் சிதையும். போராட்டத்தை நீக்கினால் காதலும் சிதையும். இங்கே ஆறு நொடிக் கத்தரிக்கு வேலையே இல்லை. எய்ட்ஸ் நோயாளிகளை அமெரிக்கச் சமூகம் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கிய 1980களில், அதே வரிசையில் கொள்ளைநோயைப் பற்றிய நெடுங்கதை ஒன்றையும் டிலேனி எழுதினார்.

உழைக்கும் மக்களின் வாழ்வில் ஆயிரம் துயரங்கள் இருக்க, மந்திரவாதியின் காதல் ஒரு விவாதப் பொருளா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். மிகுபுனைவு என்பது இருக்கும் உலகின் விதிகளை மாற்றி எழுதிப் பார்க்கும் இலக்கியம். அங்கே டிராகன் பறக்கிறது, மரம் பேசுகிறது, மாண்டவர் மீள்கிறார், வாசகர் நம்புகிறார். இரண்டு ஆண்கள் காதலிப்பது மட்டும் நம்பத்தகாததாகிவிடுகிறது என்றால், அந்த எல்லையைப் போடுவது கற்பனை அன்று. சொத்தையும் வாரிசையும் காக்கும் குடும்ப அமைப்பின் ஒழுக்க விதியே அதைப் போடுகிறது.

இந்தியாவிலும் அந்த விதி சட்டமாகவே இருந்தது. 1860இல் பிரிட்டிஷ் ஆட்சி திணித்த தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, வயதுவந்த இருவர் மனமொப்பிக் கூடுவதைக்கூடக் குற்றமாக்கியது. அந்தக் குற்றப் பழியை உச்சநீதிமன்றம் நீக்கியது 2018 செப்டம்பரில்தான். திருமண உரிமை கேட்டபோது, 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அளிக்க மறுத்தது. வீட்டை விட்டு விரட்டப்படுவோரும், வேலையிடத்தில் இழிவுபடுத்தப்படுவோரும் நம் வர்க்கத்துக்கு அயலார் அல்லர். தொழிற்சங்கத்திலும் மாதர், வாலிபர் அமைப்புகளிலும், பலர் தம்மை மறைத்துக்கொண்டு நம்மோடு நிற்கிறார்கள்.

எனவே கதைக்குக் கேட்கும் கேள்வியை இயக்கமும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தீர்மானத்தில் ஒரு வரியாக மட்டும் அவர்களுக்கு இடம் தரப்படுகிறதா, கூட்டத்தில் எழுந்து பேசும் தோழராகவும் இடம் இருக்கிறதா? வெட்டினாலும் குறை தெரியாத வரி, உரிமை ஆகாது.