மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கி யாருடைய கணக்கு?

“கான்ட்ராக்டருக்கும் மேஸ்திரிக்கும் உள்ள பாக்கி அவர்கள் இரண்டு பேருடைய கணக்கு. பணம் வரவில்லையா, கோர்ட்டுக்குப் போகட்டும். அதற்காக ஒரு கான்ட்ராக்டருடைய அரசுப் பதிவை நிறுத்துவது, டெண்டரில் சேர்க்காமல் ஒதுக்குவது எல்லாம் அநியாயம்.” கட்டடத் தொழிலில் பல வருடம் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் பதில்தான் வரும். அதிகாரிகள் பலரும் இதையே சொல்கிறார்கள். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலையிலும் கன்னங்குறிச்சிப் பக்கமும் எழும்புகிற கட்டடங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சென்ட்ரிங், கம்பி கட்டு, கொத்து வேலை, ஒயரிங், பிளம்பிங், டைல்ஸ், பெயின்ட் என்று ஆறேழு உள்ஒப்பந்தங்கள் இருக்கும். அத்தனை பேருடைய பிழைப்பையும் ‘சொந்தக் கணக்கு’ என்று தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்தச் சொந்தக் கணக்கு என்ற வாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சென்ட்ரிங் மேஸ்திரியிடம் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள், ஆளுக்குச் சராசரி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளைக்கு 48,000 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கையில் வைத்துக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை ஆள் வராது. மேலிருந்து பணம் இறங்காத வாரங்களில் அவர் வட்டிக்கு வாங்குகிறார், மனைவியின் நகையை அடகு வைக்கிறார். ஒப்பந்ததாரரின் கட்டடத்துக்கு உண்மையில் கடன் கொடுப்பது இந்த மேஸ்திரிதான். அதற்கு வட்டியும் கிடையாது, ஈடும் கிடையாது.

சட்டம் அவரை எங்கே நிறுத்துகிறது என்று பாருங்கள். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு சட்டங்களிலும் ‘ஒப்பந்ததாரர்’ என்றால் உள்ஒப்பந்ததாரரும் அடக்கம். அதாவது பணம் வராமல் தவிக்கும் மேஸ்திரியே, தன் ஆட்களின் கூலி விஷயத்தில் குற்றவாளியாக நிற்கிறார். கடன் வாங்கிக் கூலியைத் தீர்த்துவிட்டாலோ, கூலிப் பாக்கி எதுவும் இல்லை. அவருடைய இழப்பு அந்தச் சட்டத்தின் கண்ணில் படாது. போதாததற்கு, 20 பேர் இருந்தாலே பொருந்திய பாதுகாப்பு இப்போது 50 பேர் இருந்தால்தான் என்று உயர்த்தப்பட்டிருக்கிறது. சங்கிலியின் கடைசியில் இருப்பவனுடைய கூலியைப் பொதுப் பிரச்சினை என்று ஒப்புக்கொள்ளும் அரசு, நடுவில் இருப்பவனுடைய பாக்கியை மட்டும் சொந்தக் கணக்கு என்பது எந்த நியாயம்?

“கோர்ட் இருக்கிறதே” என்பது அடுத்த வாதம். இருக்கிறது. சேலத்தின் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகமே அஸ்தம்பட்டியில்தான் இருக்கிறது. தூரம் ஒரு தடையில்லை. 2017-இல் தமிழக அரசு நீதிமன்றக் கட்டணத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. ஆனாலும் மூன்று லட்சம் பாக்கிக்கு 9,000 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் வக்கீல் செலவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை. எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது. சட்டைப்பை டைரியும் வாட்ஸ்அப் செய்தியும்தான் சாட்சி. தீர்ப்பு வந்தாலும் நிறைவேற்று மனு என்று இன்னொரு சுற்று. அடுத்த வேலையும் அதே ஒப்பந்ததாரரிடம்தான் கேட்க வேண்டும் என்ற பயம் வேறு. மூன்று வருடக் காலவரம்பு இப்படியே ஓடிப்போகிறது.

சிறுதொழில் சட்டம் போதாதா என்பார்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. இவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் இவை உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வைத்திருப்பவருக்கானவை. எத்தனை சென்ட்ரிங் மேஸ்திரிகளிடம் அது இருக்கிறது? பதிவு இருந்தாலும், கட்டுமானப் பணி ஒப்பந்தங்கள் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

“மேலே பணம் வந்தால்தானே கீழே கொடுக்க முடியும்?” இந்த வாதத்தில் மட்டும் பாதி உண்மை உண்டு. அரசுத் துறைகள் பில்லை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது ஊரறிந்தது. அதைக் கேட்கும் உரிமை ஒப்பந்ததாரர்களுக்கு உண்டு, நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தச் சுமையை, தாங்க முடியாதவன் தலையில் இறக்குவதை உலகம் வெகுநாள் முன்பே நிறுத்தத் தொடங்கிவிட்டது. “எனக்கு வந்தால் உனக்கு” என்ற நிபந்தனை செல்லாது என்று பிரிட்டன் 1996-இலேயே சட்டம் போட்டது. மேலே இருப்பவர் திவாலானால் மட்டும் விலக்கு. நம் ஊர்க்காரர்கள் சாரம் கட்டவும் கம்பி வளைக்கவும் போகிற சிங்கப்பூரில் 2004-லும் மலேசியாவில் 2012-லும் அதே போன்ற சட்டங்கள் வந்தன. கலிபோர்னியாவில் விதி இன்னும் நேரடியானது: ரன்னிங் பில், அதாவது வேலை நடக்கும்போதே போடும் இடைக்கால பில்லுக்கான பணம், கைக்கு வந்த ஏழு நாளுக்குள் உள்ஒப்பந்ததாரருக்கு உரிய பங்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மாதம் 2 சதவீத அபராதம்; உரிமத்தின் மீதும் நடவடிக்கை வரும். பணம் வந்த பிறகும் கொடுக்காதவர்தான் அங்கே மாட்டுகிறார். பணம் வராதவர் இந்த விதியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

“வேலை சரியில்லை, அதனால் பிடித்து வைத்தேன்” என்பார்கள் சிலர். குறை இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்; தகராறு இல்லாத பகுதிக்குப் பணத்தைக் கொடுங்கள். அதே கலிபோர்னியா, தகராறில் உள்ள தொகையைப் போல ஒன்றரை மடங்கு வரைதான் பிடித்துவைக்க அனுமதிக்கிறது.

கடைசியாக, பதிவை நிறுத்தினால் நூறு பேர் வேலை போகும், ஒருவரின் வாழ்நாள் உழைப்பு அழியும் என்கிறார்கள். கவலை நியாயம், முடிவு தவறு. கருப்புப் பட்டியலில் சேர்க்கும் முன் விளக்கம் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எருசியன் எக்யுப்மென்ட் வழக்கில் (1974) சொல்லிவிட்டது. தவறின் அளவுக்கு ஏற்பத்தான் தடை இருக்க வேண்டும், நிரந்தரமாக ஒதுக்குவது அளவு மீறியது என்று 2013-இல் குல்ஜா இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது. ஆகவே எடுத்த எடுப்பில் ரத்து என்று யாரும் கேட்கவில்லை. முதலில் நோட்டீஸ், பிறகு பாக்கி தீரும்வரை புதிய டெண்டர் இல்லை, திரும்பத் திரும்பச் செய்தால் வகுப்பு இறக்கம். தொழில் தொடர்பான தீர்ப்புக் கடனை 90 நாளுக்குள் கட்டாதவரின் உரிமத்தை நிறுத்தி, கட்டியதும் திருப்பித் தரும் முறை கலிபோர்னியாவில் நடைமுறையில் இருக்கிறது. பணத்தைக் கொடுத்தால் அன்றே தீரும் தண்டனை இது.

இதற்குப் புதிய துறை தேவையில்லை. பொதுப்பணித்துறையும் நெடுஞ்சாலைத்துறையும் மாநகராட்சிகளும் ஒப்பந்ததாரர்களை வகுப்புவாரியாகப் பதிவு செய்கின்றன. பொதுப் பணத்தில் வேலை எடுக்கும் தகுதியைக் கொடுப்பவை அவைதான். பதிவு விதியில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: ஒவ்வொரு ரன்னிங் பில்லுடனும், முந்தைய பில்லில் உள்ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுத்ததற்கான ரசீது இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகையை நிறுத்தி நேரடியாக அவர்களுக்கே கொடுக்க வேண்டும். சேலம் மாநகராட்சி அஸ்தம்பட்டி மண்டலப் பணிகளிலிருந்து இதைத் தொடங்கலாம். சொந்த வீடு கட்டுகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், மேஸ்திரியைக் கூப்பிட்டு அவருக்குப் பாக்கி இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள்.