இரண்டினும் ஒன்றே நன்று

நாற்றுப் பறித்துக் கொடுப்பவர் ஒருவராயின், நடவுக்கு எத்தனை பேர் இறங்கினாலும் வேலை அவர் கைவேகத்தைத் தாண்டாது. ஒலக்கூர் வட்டாரத்தில் இதை அறியாதார் இல்லை. எனினும், கணினி விளையாட்டில் நாட்டமுள்ள நண்பர் சிலர், பழைய கிராபிக்ஸ் கார்டு இரண்டை மலிவாக வாங்கி இணைத்தால் வேகம் இரட்டிக்கும் என்று எண்ணுகின்றனர்.

உண்மை யாது? கார்டுகள் இரண்டும் ஒன்று விட்டு ஒன்றாகப் படங்களை வரையும். ஆனால் வரைய வேண்டியதைச் சொல்லும் மையச் செயலி ஒன்றுதான். பங்கிட இயலாத வேலையே வேகத்துக்கு எல்லை என்று 1967-இல் ஜீன் அம்டால் வாதிட்டார். வேலையில் 80 சதவீதம் பங்கிடத்தக்கது எனக் கொள்வோம். இரண்டு கார்டுகளால் வேகம் 1.67 மடங்கு; நான்கால் 2.5 மடங்கு, ஆயிரம் சேர்ந்தாலும் 5 மடங்கை எட்டாது. நினைவகமும் கூடாது, இரண்டும் ஒரே தகவலைத் தனித்தனியே வைத்திருப்பதால், 8 ஜிபி 8 ஜிபியாகவே நிற்கும்.

கூட்டுழைப்பு வீண் என்பதன்று. புனேயின் சி-டாக் நிறுவனம் 1991-இல் பல செயலிகளை இணைத்தே ‘பரம் 8000’ கணினியைப் படைத்தது. பங்கிடத்தக்க விஞ்ஞானக் கணக்குகளுக்கு அது பொருந்தும். விளையாட்டிலோ அடுத்த படம் முந்தைய படத்தையும் சார்ந்தது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் என்விடியா இணைப்பு வசதியையே நீக்கிவிட்டது.

நண்பர்களே! முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த நமக்கு ஒவ்வொரு ரூபாயும் பெற்றோரின் வியர்வை. விற்பவர் சொல்லை நம்புமுன் கணக்குப் போட்டுப் பாருங்கள். கற்ற விஞ்ஞானம் கடைவீதியிலும் துணை நிற்கட்டும்!