அந்த மாத்திரை யார் பெயரில் இருக்கிறது?

சான்டா கிளாராவில் நம் தமிழ் வீடுகள் பலவற்றில் ஒரு மருந்து டப்பா உண்டு. சென்னையிலிருந்து சூட்கேஸில் வந்த தைலம், ஜுர மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். யாருக்கு என்ன வந்தாலும் பாட்டி அதிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பார். அந்த அன்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் பதற்றத்துக்கான மாத்திரை அந்த டப்பாவில் இருக்கக் கூடாது என்பேன்.

அல்பிரசோலம் என்ற மருந்தை நீங்கள் ஸானாக்ஸ் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர் பார்த்து, அளவும் நாளும் சொல்லிக் கொடுத்தால் அது உதவும். சாப்பிடுகிறவர் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் தினமும் எடுத்தால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடலாம். பிறகு சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்படி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். 2020-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த வகை மருந்துகளின் எச்சரிக்கையை இதற்காகவே கடுமையாக்கியது. மதுவோடோ ஓபியாய்டு வலி மாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

"ஊரில் சும்மாவே கிடைக்குமே" என்பார்கள். சட்டப்படி அங்கேயும் கிடைக்கக் கூடாது. 2014 முதல் இது எச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

பரீட்சைக்கு முன் நண்பர் நீட்டுகிற மாத்திரை இன்னும் ஆபத்து. 2015 கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஸானாக்ஸ் போலவே செய்த போலி மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். பரிசோதித்தால் உள்ளே ஃபென்டனில். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

பிள்ளைகள் ஏன் நண்பரிடம் போகிறார்கள்? வீட்டில் சொன்னால், "உனக்கு என்ன குறை? நல்லாப் படி, எல்லாம் சரியாயிடும்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அம்மா அப்பாக்களே, அங்கே முடிக்காதீர்கள்.

கலிஃபோர்னியாவில் 12 வயதானவர், அதற்குப் பக்குவம் இருப்பதாகக் கவுன்சலர் கருதினால், தானே கவுன்சலிங்குக்குச் சம்மதம் தரலாம். இந்த மாதிரி மருந்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அது நல்லதுதான். பாலோ ஆல்டோவில் 12 முதல் 25 வயதுக்காரர்களுக்கென்றே ஆல்கோவ் மையம் இருக்கிறது. தாங்கவே முடியாத ராத்திரிகளில் 988-ஐ அழையுங்கள், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

இந்த வாரம் வீட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். யார் பெயரும் இல்லாத மாத்திரை இருந்தால், மருந்துகளைத் திரும்ப வாங்கும் ஃபார்மஸியில் போட்டுவிடுங்கள். உங்கள் பெயர் இருந்தால், எழுதிய அளவைத் தாண்டாதீர்கள். யாருக்கும் பங்கு தராதீர்கள்.