எண்கட்டமும் ஊகமும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் கல்லூரி வாசகசாலையில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. பத்திரிகையொன்றில் வெளிவந்த சுடோக்கு என்னும் எண்கட்டப் புதிரை ஒருவர் கையாற் படியெடுத்து மேசைமீது வைக்க, மாணவர் மூவர் தனித்தனியே அதனை விடுவிக்கப் புகுந்தனர். இருவர் 81 அறைகளையும் நிரப்பினர். ஆயின் இருவர் விடையும் ஒன்றாக இல்லை. கிடைவரிசை, நெடுவரிசை, ஒன்பதறைச் சிறுகட்டம் ஆகிய மூன்றிலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் இரு விடைகளிலும் ஒவ்வொருமுறையே வந்திருந்தன. எதிலும் பிழை காட்ட எவராலும் இயலவில்லை. மூன்றாமவரோ நான்கு அறைகளை வெறுமையாக விட்டு, ஓரத்தில் ‘இதற்குமேற் செல்ல நியாயம் இல்லை’ என்று எழுதி எழுந்து போய்விட்டார். மற்றையோர் அவரைப் பார்த்து நகைத்தனர். நாமும் உடன் நகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இப்புதிர் ஜப்பானியர் கண்டதென்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் புதிர்ப் பத்திரிகை ஒன்றில் ‘நம்பர் பிளேஸ்’ என்ற பெயரோடு இது முதலில் வெளிவந்தது. ஹோவர்ட் கார்ன்ஸ் என்னும் கட்டடக்கலைஞர் இதனை அமைத்தார் என்பர். 1984-இல் ஜப்பானில் நிக்கோலி நிறுவனத்தார் இதனைக் கைக்கொண்டு, எண்கள் ஒற்றையாய் நிற்றல் வேண்டும் என்னும் பொருள்பட இப்பொழுதுள்ள பெயரைச் சூட்டினர். 2004 நவம்பரில் இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை வெளியிடத் தொடங்கிய பின்னர் உலகெங்கும் பரவிற்று. வரலாறு இவ்வளவு போதும்.

எளிய புதிர்களைப்பற்றி நமக்கு வழக்கில்லை. அரிய புதிர்களிலேதான், பாதி வழியில் எல்லா அறைகளும் வாய்மூடி நின்றுவிடும் ஒரு கட்டம் வருகிறது. அப்பொழுது நம் மாணவர் பெரும்பாலோர் செய்வதென்ன? இரண்டு எண்களுக்கு மட்டும் இடமுள்ள ஓர் அறையைத் தேடி, அவற்றில் ஒன்றைப் பென்சிலால் இட்டு, ‘வந்தால் வந்தது, வாராவிடில் அழித்துவிடலாம்’ என்று மேலே ஓடுகின்றனர். இது புதிரை விடுவித்தல் ஆகாது என்பது நம் கருத்து.

கணிதம் பயிலும் அன்பர் ஒருவர் இதனை மறுத்தார். ‘ஒன்றைக் கொண்டு, அதனால் முரண் விளைவதைக் காட்டி, அதனைத் தள்ளுதல் யூக்ளிடு கையாண்ட முறையன்றோ? நீங்கள் மெச்சும் யுக்திகளெல்லாம் அதன் சுருக்கமே’ என்றார். அவர் கூறியதில் உண்மை உண்டு. ‘எக்ஸ் விங்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் யுக்தியையே பாருங்கள். இரண்டாங் கிடைவரிசையில் 5 என்னும் எண்ணுக்கு மூன்றாம் நெடுவரிசையிலும் ஏழாம் நெடுவரிசையிலுமே இடமுண்டு எனக் கொள்க. ஆறாங் கிடைவரிசையிலும் அவ்விரு நெடுவரிசைகளிலேயே அதற்கு இடமுண்டு. ஒரே நெடுவரிசையில் இரண்டு 5 நிற்றல் ஆகாமையின், ஒன்று மூன்றாவதிலும் மற்றொன்று ஏழாவதிலும் நின்றே தீரவேண்டும். எது எங்கே என்பதை நாம் அறியோம்; அறியவும் வேண்டுவதில்லை. அவ்விரு நெடுவரிசைகளின் ஏனைய அறைகளில் 5 வாராது என்பது மட்டும் திண்ணம். இதனையே மூன்று வரிசைகளுக்கு விரித்தால் ‘வாள்மீன்’ என்பர்.

இதனினும் நாம் பெரிதும் விரும்புவது ‘எக்ஸ் ஒய் விங்’ என்பது. நாலாங் கிடைவரிசையின் இரண்டாம் அறையில் 2, 7 என்னும் இரண்டே இடம்பெறக்கூடும். அதே கிடைவரிசையின் எட்டாம் அறையில் 2, 9. அதே இரண்டாம் நெடுவரிசையில், ஒன்பதாங் கிடைவரிசையில் உள்ள அறையில் 7, 9. முதலறை 2 ஆயின் எட்டாம் அறை 9 ஆகும். 7 ஆயின் கீழுள்ள அறை 9 ஆகும். எவ்வாறாயினும் அவ்விரண்டில் ஒன்று 9. ஆகவே, அவ்விரண்டின் பார்வையும் ஒருங்கே படுகின்ற அறையில், அதாவது ஒன்பதாங் கிடைவரிசையின் எட்டாம் அறையில், 9 வரமுடியாது. ஈண்டு நாம் எதனையும் ஊகிக்கவில்லை. இரு வழியும் நடந்து பார்த்து, இரண்டும் கூடுமிடத்தில் நின்றுகொண்டோம்.

முரண் காட்டித் தள்ளுதல் நியாயமாயின், ஊகத்தில் மட்டும் என்ன குற்றம்? வேறுபாடு முடிவில் இருக்கிறது. ஓர் அறையில் 3 என்று வைத்துச் சென்று முரண்பட்டவன், அவ்வறையில் 3 இல்லை என்பதை நிறுவிவிட்டான். அவன் உழைப்பு வீணன்று. 3 என்று வைத்துச் சென்று 81 அறைகளையும் தடையின்றி நிரப்பியவனோ, 3 கூடும் என்பதை மட்டும் கண்டான். 8 கூடாது என்பதை அவன் காணவேயில்லை. தோற்ற ஊகம் அறிவு தருகிறது. வென்ற ஊகம் விடை மட்டுமே தருகிறது. ஆயினும், வென்றவனே நிமிர்ந்து நடக்கிறான்.

கணிப்பொறியும் அவ்வாறுதானே இட்டும் அழித்தும் கண்ணிமைப்பொழுதில் விடுவிக்கிறது என்பாரும் உளர். ஆம். ஆனால் ஒழுங்காக அமைக்கப்பட்ட பொறி முதல் விடை கிடைத்தவுடன் நின்றுவிடுவதில்லை; இரண்டாவது விடை உண்டா என்று எஞ்சிய வழிகளையும் தேடிப் பார்க்கிறது. அப்பொறுமை நம் மாணவரிடம் இருக்குமாயின் நமக்கும் மறுப்பில்லை.

இன்னுமொரு யுக்தி உண்டு. அதில் நமக்குச் சற்று ஐயம். இரு கிடைவரிசை, இரு நெடுவரிசை, இரு சிறுகட்டங்களுள் அடங்கிய நீள்சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒரே இரண்டு எண்களுக்கு மட்டும் இடம் எஞ்சுமாயின், அவற்றை மாற்றி வைத்தாலும் வேறெங்கும் கெடுதல் நேராது. எனவே விடை இரண்டாகிவிடும். புதிருக்கு விடை ஒன்றே என்பது ஆக்கியோர் வாக்கு. ஆகலின் அந்நிலை வாராதபடி மூலை எண்ணைத் தீர்மானிப்பர் வல்லுநர். போட்டியில் இது செல்லும். ஆயினும் இது கட்டத்திலிருந்து பெற்ற அநுமானம் அன்று. ஆக்கியோர்மீது வைத்த நம்பிக்கை. விடை ஒன்றேயென்பதை இதனைக்கொண்டே நிறுவ இயலாது. கொடுத்த எண்கள் மிகுதியாக இருந்தால் ஒரே விடை உறுதியாகும் என்பதும் இல்லை. 17-க்குக் குறைந்தால் ஒரே விடை அமையாது என்று 2012-இல் டப்ளின் நகரத்துக் கணித அறிஞர் கேரி மக்குவையரும் அவர் தோழரும் கணிப்பொறியால் முற்றத் தேடிக் கண்டனர். 17-க்கு மேற்பட்டால் அமைந்தே தீரும் என்று அவர்கள் சொல்லவில்லை. நம் மேசைமேற் கிடந்த படியில் 25 எண்கள் இருந்தன.

அந்தப் படியைப் பின்னொரு நாள் அச்சுத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இருவர் விடைகளும் 77 அறைகளில் ஒத்து, நான்கில் மட்டும் மாறுபட்டிருந்தன. முதலாம், மூன்றாம் கிடைவரிசைகளும் இரண்டாம், ஐந்தாம் நெடுவரிசைகளும் கூடுகின்ற நான்கு மூலைகள் அவை. ஒவ்வொன்றிலும் 3 அல்லது 8. மூன்றாமவர் வெறுமையாக விட்ட அறைகளும் அவையே. அச்சில், மூன்றாங் கிடைவரிசையின் ஐந்தாம் அறையில் 3 என்று தெளிவாக இருந்தது; படியெடுத்தவர் அதனை விட்டுவிட்டார். படியெடுத்தவர் நாமே. அம்மாணவர் இவ்வாண்டு கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டார். அவரிடம் நாம் இன்னும் மன்னிப்புக் கேட்டிலேம். இம்மலர் அவர் கைக்குச் சேருமாயின், இதனை அதற்கென்றே எழுதியதாகக் கொள்வாராக.